கார்பன் விலையை ஏற்றிவிட்டால் மட்டும் இரும்பாலை மாறிவிடுமா?

கேள்வி இதுதான்: ஒரு டன் கரியமில வாயுவுக்கு 100 யூரோ என்று விலை வைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் போதாதா? இரும்பு, சிமென்ட், அலுமினிய ஆலைகள் லாபக் கணக்குப் போட்டுத் தாமாகவே மாறிவிடுமே. எதற்கு இத்தனை மானியம், இலவச ஒதுக்கீடு, எல்லை வரி (இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு எல்லையில் வாங்கும் வரி)? கூடவே இன்னொரு சந்தேகம்: எல்லை வரி என்பது பெயர் மாற்றிக்கொண்டு வந்த பழைய இறக்குமதி வரிதானே?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: செய்தியில் வரும் கார்பன் விலை ஒன்று, ஆலை உண்மையில் கட்டும் தொகை வேறு, அந்த இரும்பை வாங்குபவர் கண்ணில் படும் தொகை இன்னும் வேறு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. கனரகத் தொழிலில் இதுவரை எங்கேயும் அவை ஒன்றாக இருந்ததில்லை.

ஊரைக் கெடுக்கும் புகைக்கு விலை வைத்தால் புகை குறையும் என்பது ஆர்தர் பிகூ என்ற பொருளியலாளர் 1920-லேயே சொன்ன யோசனை. அதில் தப்பில்லை. மின் உற்பத்தியில் அது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தோம். பிரிட்டன் 2013-ல் ஐரோப்பியச் சந்தை விலைக்கு மேலே தன் பங்குக்கு ஒரு குறைந்தபட்சக் கார்பன் விலையையும் வைத்தது. அப்போது அந்த நாட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே எரிவாயு நிலையங்கள் ஏற்கெனவே கட்டி நின்றன, காற்றாலையும் வந்துகொண்டிருந்தது. விலை ஏறியதும் மறுநாள் காலையே எந்த நிலையத்தை ஓட்டுவது என்ற வரிசை மாறியது. மின்சாரத்தைக் கப்பலில் ஏற்றிப் பிற கண்டத்திலிருந்து கொண்டுவரவும் முடியாது.

இரும்பாலைக்கு இந்த வசதி எதுவும் இல்லை. ஊது உலையில் நிலக்கரி வெறும் எரிபொருள் இல்லை. இரும்புத் தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். அந்த ஆக்சிஜனைப் பிடுங்கி எடுப்பதே நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியின் வேலை. பிடுங்கிய ஆக்சிஜன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இந்த வழியில் ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. உலக எஃகில் சுமார் 70 சதவீதம் இன்றும் இப்படித்தான் வருகிறது. பழைய இரும்பை மின்வில் உலையில், அதாவது மின்சாரத்தால் சூடாகும் உலையில், உருக்கினால் புகை இதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பழைய இரும்பை நினைத்த அளவுக்கு உண்டாக்க முடியாது. முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பு கட்டியதும் செய்ததும் இன்று உடைந்து வந்தால்தான் உண்டு.

மாற்று வழி என்று எல்லோரும் சொல்வது ஹைட்ரஜன். கல்கரிக்குப் பதில் ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தண்ணீராகப் போய்விடும். மிஞ்சும் நுண்துளை இரும்பை, அதாவது ஸ்பாஞ்ச் அயர்னை, மின்வில் உலையில் உருக்கலாம். சுவீடனில் ஹைப்ரிட் என்ற திட்டம் லூலியோ நகரத்து சோதனை ஆலையில் இதைச் செய்து காட்டியது. 2021-ல் முதல் எஃகு வோல்வோவுக்குப் போனது. ஆக, வேதியியல் பக்கம் சந்தேகம் தீர்ந்துவிட்டது. இனி கணக்குதான்.

அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ஹைட்ரஜன் வழியில் ஒரு டன் எஃகுக்கு சுமார் 55 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். தண்ணீரைப் பிளந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. உருக்கும் உலைக்கும் சேர்த்தால் டன்னுக்கு ஏறக்குறைய 3,500 யூனிட். அப்படியென்றால் மின்சாரம் யூனிட்டுக்கு ஒரே ஒரு யூரோ சென்ட் ஏறினால் எஃகின் செலவு டன்னுக்கு 35 யூரோ ஏறும். இந்த 35 யூரோவை ஈடுகட்ட எவ்வளவு கார்பன் விலை வேண்டும்? மிச்சமாகும் கரியமில வாயு 2 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆக டன்னுக்குச் சுமார் 18 யூரோ.

மின்சாரம் 3 சென்ட்டுக்குக் கிடைக்கும் இடத்துக்கும் 8 சென்ட்டுக்குக் கிடைக்கும் இடத்துக்கும் நடுவே தேவைப்படும் கார்பன் விலையில் 90 யூரோ வித்தியாசம் வந்துவிடுகிறது. 100 யூரோ போதுமா என்ற கேள்விக்கு உலகம் முழுவதற்கும் ஒரே பதில் இல்லாமல் போவது இதனால்தான். நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் வடக்கு சுவீடனில் போதலாம், இன்னோர் இடத்தில் 200 கூடப் போதாமல் இருக்கலாம். கார்பன் விலையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் மின்கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும்.

சரி, 100 யூரோ போதும் என்று கணக்கு வரும் இடத்திலேயே ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முதலாளி உடனே மாறமாட்டார். ஊது உலையின் உட்புறச் செங்கல் சுவர் 15, 20 ஆண்டுக்கு ஒருமுறை தேய்ந்துபோகும். அதைப் பிரித்துக் கட்டப் பெரும்பணம் ஆகும், பல மாத உற்பத்தி நின்றுபோகும். முடிவு எடுக்கும் வாய்ப்பு அந்த ஒரு தருணத்தில்தான். பழைய வழியிலேயே மீண்டும் கட்டிவிட்டால் அடுத்த 15 ஆண்டுக்கு அந்த ஆலையில் நிலக்கரிதான். ஆகவே அவருக்குத் தெரிய வேண்டியது இன்றைய விலை இல்லை, 2040-ல் விலை என்ன என்பது.

அவர் கையில் இருக்கும் வரலாறு என்ன? ஐரோப்பாவின் உமிழ்வுச் சந்தை 2005-ல் தொடங்கியது. பர்மிட்டுகளை (ஒன்றுக்கு ஒரு டன் கரியமில வாயு விடலாம் என்ற அனுமதிச் சீட்டுகளை) அளவுக்கு மேல் கொடுத்துவிட்டார்கள் என்று 2006 ஏப்ரலில் தெரியவந்ததும் விலை சரிந்தது. முதல் கட்டத்து பர்மிட்டை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போக முடியாது என்பதால் 2007-ல் அது கிட்டத்தட்ட சுழியத்துக்கே வந்தது. 2013-ல் டன் 5 யூரோவுக்கும் கீழே. உபரி பர்மிட்டுகளை உறிஞ்ச 2019-ல் ஒரு சேமிப்புத் தொட்டி ஏற்பாட்டைக் கொண்டுவந்த பிறகு விலை ஏறி, 2023 பிப்ரவரியில் 100-ஐத் தொட்டது. ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகி, பிறகு மீண்டும் ஏறியது. இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்த வங்கி 20 ஆண்டுக் கடன் கொடுக்கும்? ஆஸ்திரேலியாவில் இன்னும் மோசம்: 2012 ஜூலையில் கார்பன் விலை வந்தது, 2014 ஜூலையில் புதிய அரசு சட்டத்தையே நீக்கிவிட்டது.

வரி நல்லதா, உச்சவரம்பு வைத்து பர்மிட் விற்பது நல்லதா என்ற பழைய விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1974-ல் அதை அழகாகப் பிரித்துக் காட்டினார்: வரி வைத்தால் விலை உறுதி, அளவு நிச்சயமில்லை, உச்சவரம்பு வைத்தால் அளவு உறுதி, விலை ஆடும். ஆலை கட்டுபவருக்கு விலை உறுதிதான் பெரிது என்பதால் நான் வரிப் பக்கம் கொஞ்சம் சாய்வேன். ஆனால் வரி என்றதும் விலக்குக் கேட்டு வரிசை நிற்கும். 1991-லேயே கார்பன் வரி போட்டதாகப் பெருமையோடு எடுத்துக்காட்டப்படும் சுவீடனில்கூட ஆலைகளுக்கு நெடுங்காலம் சலுகை விகிதம்தான்.

இனி சிமென்ட். இரும்பைவிட இதுதான் முரட்டுப் பிள்ளை. சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயு போகும். எதைக் கொண்டு சூடாக்கினாலும் அந்த 44 கிலோ போயே தீரும். அது எரிபொருளிலிருந்து வரவில்லை, கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சிமென்ட் ஆலைப் புகையில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்தக் கல்லிலிருந்து வருவது. மீதிதான் சூளையை 1,450 டிகிரிக்குக் கொண்டுபோக எரிக்கும் எரிபொருள். எனவே வழி இரண்டு. புகையைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைப்பது ஒன்று. சூளையில் சுட்டெடுத்து, அரைத்துச் சிமென்ட் ஆக்கும் கிளிங்கரைக் குறைத்து, அந்த இடத்தில் உலைக் கசடு, பறக்கும் சாம்பல், சுட்ட களிமண் போன்றவற்றைச் சேர்ப்பது இன்னொன்று. முதலாவது கொள்ளைச் செலவு. இரண்டாவது மலிவு, பல இடங்களில் லாபம்கூட. அப்படியானால் ஒரு சின்னக் கார்பன் விலைக்கே இரண்டாவது வழி வேகமாகப் பரவியிருக்க வேண்டும் அல்லவா?

இங்கேதான் இலவச ஒதுக்கீடு என்ற விஷயத்துக்கு வருகிறோம். என் பதிலின் சாரமே இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நாடு மட்டும் கார்பன் விலை வைத்தால், ஆலை அங்கே மூடி, விலை இல்லாத நாட்டில் திறக்கும். புகை குறையாது, இடம்தான் மாறும். இதைக் கார்பன் கசிவு என்பார்கள். இந்தப் பயத்தில் ஐரோப்பா கனரக ஆலைகளுக்கு பர்மிட்டில் பெரும்பங்கை இலவசமாகவே கொடுத்தது. எவ்வளவு? அந்தத் துறையில் புகை குறைவாக விடும் முதல் 10 சதவீத ஆலைகளின் சராசரியை அளவுகோலாக வைத்து, அதை ஆலையின் உற்பத்தியால் பெருக்கி வரும் அளவு.

பாடப்புத்தகம் என்ன சொல்லும்? இலவசமாகக் கொடுத்தாலும் ஊக்கம் கெடாது. சொந்த வீட்டில் குடியிருப்பவரும் ஒருவகையில் வாடகை இழக்கிறார்தானே, வெளியே விட்டிருந்தால் பணம் வந்திருக்கும். அதுபோல, இலவச பர்மிட்டைப் புகைவிடப் பயன்படுத்தும் ஆலை அதை விற்றிருந்தால் கிடைக்கும் பணத்தை இழக்கிறது. ஆகவே புகையைக் குறைக்கும். இது முழுக்கச் சரி, ஒரு நிபந்தனையோடு: இலவசப் பங்கு ஆலை என்ன செய்தாலும் மாறாமல் இருக்க வேண்டும். உற்பத்தியோடு அதைக் கட்டிவிட்டால் கதை மாறிவிடுகிறது.

2013 முதல் 2020 வரை இருந்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆலை தன் பழைய உற்பத்தியில் பாதிக்கு மேல் ஓடினால் முழு இலவசப் பங்கும் உண்டு. பாதிக்குக் கீழே போனால் பங்கும் பாதி. கால்வாசிக்கும் கீழே என்றால் கால் பங்கு. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் ஒன்றுமில்லை. நியாயமான விதி போலத்தான் தெரியும். இப்போது தலா 10 லட்சம் டன் கிளிங்கர் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு சூளைகள் ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. கட்டுமானம் படுத்துவிட்டது. மொத்தத் தேவையே 8 லட்சம் டன்தான். புத்தியுள்ளவர் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றை 80 சதவீதத்தில் ஓட்டுவார். ஆனால் மூடினால் அந்தச் சூளையின் இலவச பர்மிட் போய்விடும். அன்றைய அளவுகோல் டன் கிளிங்கருக்கு 0.766 பர்மிட், ஆக 7.66 லட்சம் பர்மிட். 2012-ல் விலை சுமார் 7 யூரோ என்றால் ஐம்பது லட்சம் யூரோவுக்கும் மேல்.

எனவே என்ன செய்தார்கள்? இரண்டையும் பாதிக்குச் சற்று மேலே ஓட்டினார்கள். 8 லட்சம் டன் போதும் என்ற இடத்தில் 10 லட்சம் டன் வந்தது. அதிகமான 2 லட்சம் டன் கிளிங்கரை என்ன செய்வது? கப்பலேற்றி வெளியே விற்பது, அல்லது சிமென்ட்டில் கசடையும் சாம்பலையும் குறைத்துக் கிளிங்கரைக் கூட்டுவது. எண்கள் என்னுடைய உதாரணம், நடத்தை உண்மையானது. 2013-ன் பங்கு 2012 உற்பத்தியை வைத்தே முடிவானது. அந்த 2012-ல் தேவை சரிந்த நாடுகளில் பல சிமென்ட் ஆலைகள் அந்த 50 சதவீதக் கோட்டுக்குச் சற்று மேலே வந்து கூட்டமாக நின்றதைப் பொருளியலாளர்கள் தரவு வைத்தே காட்டினார்கள். புகையைக் குறைக்க வந்த சட்டம் புகையைத் தயாரிக்கக் கூலி கொடுத்தது. 2021-க்குப் பிறகு அந்தப் படிக்கட்டை நீக்கி, உற்பத்தி 15 சதவீதத்துக்கு மேல் மாறினால் பங்கும் மாறும் என்று ஆக்கினார்கள்.

அளவுகோலை சிமென்ட்டுக்கு வைக்காமல் கிளிங்கருக்கு வைத்ததும் இதே வகைதான். கிளிங்கரைக் குறைக்கும் ஆலை இலவச பர்மிட்டையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறது. இரும்பிலும் இப்படி ஒன்று நடந்தது: ஊது உலையின் உருகிய இரும்புக்குத் தனி அளவுகோல், மின்வில் உலைக்கு மிகச் சிறிய இன்னோர் அளவுகோல். ஊது உலையை இடித்துவிட்டு ஹைட்ரஜன் வழிக்கு மாறும் ஆலை, மாறிய குற்றத்துக்காகத் தன் இலவசப் பங்கில் பெரும்பகுதியை இழக்க வேண்டியிருந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தித்தான் இதைச் சரிசெய்தார்கள்.

இன்னொரு விளைவு இதைவிடப் பெரிது, ஆனால் வெளியே தெரியாது. உற்பத்திக்கு ஏற்ப இலவச பர்மிட் கிடைக்கும்போது, ஒவ்வொரு கூடுதல் டன்னும் தன்னோடு ஒரு கட்டு பர்மிட்டைக் கொண்டுவருகிறது. அதனால் எஃகு விலையோ சிமென்ட் விலையோ அவ்வளவாக ஏறுவதில்லை. ஏறாவிட்டால் வாங்குபவர் ஏன் குறைத்து வாங்கப்போகிறார்? கட்டட வடிவமைப்பாளர் தூணின் பருமனைப் பத்து சதவீதம் குறைக்கலாமா என்று யோசிக்கமாட்டார். பழைய உத்தரங்களைக் கழற்றி மறுபடி பயன்படுத்தலாமா என்று யாரும் விசாரிக்கமாட்டார்கள். இதெல்லாம் எந்தப் புதுத் தொழில்நுட்பமும் கேட்காத, இன்றைக்கே செய்யக்கூடிய குறைப்புகள். ஆலைக்குள் விலை கத்துகிறது, ஆலை வாசலைத் தாண்டினால் ஊமை.

"விலை வாசலைத் தாண்டினால் பொதுமக்கள் தாங்குவார்களா?" என்று அடுத்துக் கேட்பார்கள். அதையும் கணக்குப் போடலாம். நீங்கள் சொன்ன 100 யூரோவையே வைத்துக்கொள்வோம், முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு காரில் சுமார் 900 கிலோ எஃகு. அதற்குரிய கரியமில வாயு 2 டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆக 200 யூரோவுக்கும் கீழே. 30,000 யூரோ கார் என்றால் ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சுமார் 300 கிலோ சிமென்ட், அதற்கு 180 கிலோ கரியமில வாயு, ஆக 18 யூரோ. 60 கன மீட்டர் கான்கிரீட் போகும் வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம். வீட்டின் மொத்த விலையில் அது பெயிண்ட் செலவுக்குள் அடங்கிவிடும்.

இதே 100 யூரோவை ஆலை வாசலில் நின்று பாருங்கள். டன் 600 யூரோவுக்கு விற்கும் எஃகில் 200 யூரோ. டன் 100 யூரோவுக்கு விற்கும் சிமென்ட்டில் 60 யூரோ. வாங்குபவருக்குக் கொசுக்கடி, விற்பவருக்குக் கழுத்துக் கத்தி. பக்கத்தில் விலை கட்டாத போட்டியாளர் ஒருவர் இருந்தாலே விற்பவர் அந்தச் சுமையை முன்னே தள்ள முடியாது. கனரகத் தொழில் கார்பன் கொள்கையின் சிக்கலை எனக்கு ஒரு வரியில் சொல்லச் சொன்னால், தாங்கக்கூடியவரிடம் போய்ச் சேரவேண்டிய விலை தாங்கமுடியாதவர் வாசலிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பேன். இலவச ஒதுக்கீடு அந்த மாட்டலை மறைத்து வைத்தது. எல்லை வரி அதை அவிழ்க்கப் பார்க்கிறது.

எல்லை வரிக்கு முன்னால் மானியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2040-ன் விலை தெரியாத பிரச்சினையைச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஜெர்மனி 2024-ல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆலையும் அரசும் 15 ஆண்டுக்கு ஒரு கார்பன் விலையை ஒப்பந்தம் பேசிக்கொள்கின்றன. சந்தை விலை அதற்குக் கீழே இருந்தால் வித்தியாசத்தை அரசு கொடுக்கும். மேலே போனால் ஆலை திருப்பிக் கட்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஏலத்தில் முடிவு செய்கிறார்கள், குறைவாகக் கேட்பவருக்கு முதலிடம். நாளைக்குச் சட்டத்தை மாற்றி விலையைக் கீழே தள்ளினால் அரசுக்கே கைநஷ்டம் என்பதால், அரசின் வாக்குறுதிக்கு அரசின் பணப்பையே ஜாமீன் நிற்கிறது. நேரடி மானியத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நேரடி மானியம் எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்பதற்கு 2025 ஜூன் மாதத்தையே பாருங்கள். ஜெர்மனியின் பிரேமன், ஐசன்ஹூட்டன்ஸ்டாட் ஆலைகளை மாற்ற ஆர்செலார் மித்தல் எஃகு நிறுவனத்துக்கு 130 கோடி யூரோ அரசு உதவி தயாராக இருந்தது. நிறுவனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மலிவான மின்சாரம் இல்லை, ஹைட்ரஜன் இன்னும் வரவில்லை, சந்தையும் சுணங்கியிருக்கிறது என்பதுதான் காரணம். ஆலையைக் கட்டிக் கொடுத்துவிடலாம். அதை ஓட்டும் ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் யார் வாங்குவார்கள்? நான் மேலே போட்ட 3,500 யூனிட் கணக்கு இங்கே வந்து நிற்கிறது.

சிமென்ட்டில் அரசுப் பணம் ஒரு வேலையாவது முடித்திருக்கிறது. நார்வேயின் பிரெவிக் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடித்து, கப்பலில் ஏற்றி, வட கடலுக்கடியில் புதைக்கும் ஏற்பாடு 2025-ல் திறந்தது. செலவில் பெரும்பங்கு நார்வே அரசுடையது. அந்த ஆலையின் புகையில் அது ஏறக்குறைய பாதிதான். முதல் ஆலைக்கு இப்படிச் செலவழிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழாய், துறைமுகம், புதைகுழி எல்லாம் ஒருமுறை அமைந்தால் அடுத்த ஆலைக்கும் ஆகும். பத்தாவது ஆலைக்கும் அதே மானியம் கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது எல்லை வரி. ஐரோப்பா இதை 2023 அக்டோபரில் வெறும் கணக்குக் காட்டும் கட்டத்தோடு தொடங்கியது. பணம் கட்டும் பொறுப்பு 2026 ஜனவரி 1 முதல். சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் வரும். இறக்குமதி செய்பவர், அந்தப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான புகைக்கு ஐரோப்பியச் சந்தை விலையில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்றுமதி நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

இது பெயர் மாற்றிய இறக்குமதி வரியா? அதைச் சோதிக்க ஒரு வழிதான் இருக்கிறது: உள்ளூர் ஆலையும் அதே விலையைக் கட்டுகிறதா என்று பார்ப்பது. உள்ளூர்க்காரருக்கு இலவச பர்மிட்டும் கொடுத்து, வெளியூர்க்காரரிடம் முழு விலையும் வாங்கினால் அது அப்பட்டமான பாதுகாப்பு வரி. ஐரோப்பியச் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. உள்ளூர் இலவசப் பங்கு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் எல்லையில் வசூல் ஏறும்: 2026-ல் 2.5 சதவீதம், 2030-ல் 48.5 சதவீதம், 2034-ல் முழுவதும். எண்களைக் கவனியுங்கள், முதல் மூன்று வருடங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. 2029, 2030-ல்தான் செங்குத்து ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு முன்னால் ஆலைகள் அரசியல்வாதிகளிடம் போய் நின்று தேதியைத் தள்ளச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். தள்ளி, ஆனால் எல்லை வசூலை மட்டும் ஏற்றினால், அன்றைக்கு உங்கள் சந்தேகம் நியாயமாகிவிடும்.

வேறு குறை இல்லையா என்றால், உண்டு. வசூலாகும் பணம் ஐரோப்பாவுக்குள்ளேயே நிற்கிறது, ஏழை நாட்டு ஆலைகள் மாறுவதற்கு அதில் தனியாக ஒதுக்கீடு இல்லை. வளர்ந்த நாடுகளும் வளரும் நாடுகளும் ஒரே சுமை சுமக்க வேண்டியதில்லை என்று ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட கொள்கைக்கு இது பொருந்துமா என்று இந்தியாவும் சீனாவும் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த இரண்டு நாடுகளும் கேள்வியோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சீனா 2021-ல் மின்துறையோடு தொடங்கிய தேசிய உமிழ்வுச் சந்தையை 2025-ல் எஃகு, சிமென்ட், அலுமினியத்துக்கும் விரித்தது. இந்தியா 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. இரண்டிலும் மொத்தப் புகைக்கு உச்சவரம்பு இல்லை. ஒரு டன் பொருளுக்கு இத்தனை புகை என்ற விகிதத்தில்தான் இலக்கு. இன்னும் வளர வேண்டிய தொழிலுக்கு இது புரியக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் இலக்கைத் தொட்டுவிட்ட ஆலை ஒரு ரூபாயும் கட்டாது. ஒன்றும் கட்டாவிட்டால் ஐரோப்பிய எல்லையில் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. உள்நாட்டில் கார்பன் விலை இருக்கிறது என்று காட்டினாலே எல்லையில் தப்பிவிடலாம் என்று நினைக்கும் ஏற்றுமதியாளர்களை இந்த இடம் ஏமாற்றப்போகிறது. தள்ளுபடி கிடைப்பது சந்தையில் விலை என்ன என்பதற்கு இல்லை, கையிலிருந்து போன காசுக்கு.

அப்புறம் இன்னொரு ஓட்டை, இதற்கு வரி போடுபவர்களிடமும் நல்ல பதில் இல்லை. பல ஆலைகள் வைத்திருக்கும் நாடு, பழைய இரும்பில் செய்த எஃகை ஐரோப்பாவுக்கும் ஊது உலை எஃகை மற்றவர்களுக்கும் அனுப்பிவிடலாம். காகிதத்தில் எல்லாம் சுத்தம், உலகப் புகையில் ஒரு கிலோகூடக் குறையாது.

அலுமினியத்தில் அந்தச் சிரமம்கூட வேண்டாம். ஒரு டன் அலுமினியம் பிரிக்க 14,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகிறது. அது நிலக்கரி மின்சாரம் என்றால் மின்சாரத்தால் மட்டுமே டன்னுக்கு 12 டன்னுக்கு மேல் கரியமில வாயு. உருக்கும் தொட்டியிலேயே நேரடியாக வெளியாவது ஏறக்குறைய 2 டன்தான். எல்லைக் கணக்கில் இப்போதைக்கு அலுமினியத்துக்கு நேரடிப் புகை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. மின்சாரப் புகையையும் சேர்த்தால், தங்கள் அலுமினிய ஆலைகளுக்கு மின்கட்டண ஈட்டுத்தொகை கொடுக்கும் ஐரோப்பிய அரசுகள் அதை நிறுத்த வேண்டிவரும். அதனால் நீர்மின்சாரத்தில் பிறந்த அலுமினியமும் நிலக்கரியில் பிறந்த அலுமினியமும் எல்லையில் கிட்டத்தட்ட ஒரே தொகையைக் கட்டிவிட்டு உள்ளே போகின்றன.